பகடைப் பக்கம்: மூச்சு விட்டா கோட்டை எழுப்புற டிராகன்

போன இதழ்ல "தண்ணி டிராகன் பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தேன், இவ்ளோ வரும்னு நினைக்கல. முக்கால்வாசிப் பேர் கேட்டிருக்கறது உருவம் மாறுற, மாயை காட்டுற டிராகன் பத்தித்தான், அதனால இந்தத் தடவை பக்கம் முழுசும் அதுக்கே குடுத்துட்டேன்.

அக்கா, எங்க டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேமுக்கு (ஒருத்தர் கதை நடத்த, மத்தவங்க பாத்திரமா மாறி பகடை உருட்டி ஆடுறது) ஒரு நீர் டிராகன் வேணும். உருவம் மாறணும், மாயையும் பின்னணும். ஆனா உக்காந்து யோசிச்சா நெருப்புக்குப் பதிலா தண்ணி கக்குற டிராகன்ங்கிறதைத் தாண்டி எதுவும் தோணமாட்டேங்குது. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?
(வாசகர், திருச்சி)

தம்பி, நீங்க கேக்குற அதே ஜந்து சீனாவுல ரெண்டாயிரம் வருஷமா இருக்கு. பேரு ஷென். அந்த எழுத்துக்கே ரெண்டு அர்த்தம் உண்டு, பெரிய சிப்பின்னும் எடுத்துக்கலாம், டிராகன் இனத்துல ஒரு நீர்ப்பாம்புன்னும் எடுத்துக்கலாம். 1596-ல அச்சான லி ஷிசென்ங்கிற வைத்தியரோட பெரிய மருந்து நூல்ல இதுக்கும் ஒரு இடம் இருக்கு, அதுல எப்படி இருக்குன்னு கேளுங்க: பாம்பு மாதிரி ஆனா பெருசு, டிராகன் மாதிரி கொம்பு, சிவப்பா பிடரி மயிர், இடுப்புக்குக் கீழ செதிள் எல்லாம் எதிர்ப்பக்கமா திரும்பியிருக்கும், தகைவிலான் குருவியைத் திங்கறதுன்னா அதுக்கு உயிர், மூச்சை விட்டா மாடமாளிகை கோட்டை மதில்னு கடல் மேல எழும்பும், அதுவும் மழை வர்றதுக்கு முன்னாடிதான் கண்ணுக்குத் தெரியும். இன்னொண்ணும் இருக்கு, அதோட கொழுப்பை மெழுகோட கலந்து மெழுகுவத்தி செஞ்சா நூறு தப்படி தூரத்துக்கு வாசனை வீசும், அந்தப் புகையிலயும் மாளிகை உருவம் தெரியும்.

ஜப்பான்காரங்க கடல்ல தெரியற கானலுக்கு இன்னிக்கும் சொல்ற வார்த்தை ஷின்கிரோ, பிரிச்சுப் பார்த்தா ஷென், மூச்சு, மாளிகை, அவ்ளோதான். 1781-ல தோரியாமா செகியென்ங்கிற ஜப்பான் ஓவியர் வரைஞ்ச படத்துல ஒரு சிப்பி வாயைத் திறந்து மூச்சு விடும், அந்த ஆவி மேல போய் மாளிகையா நிக்கும். அந்தப் படத்தை ஒரு தடவை பாருங்க, உங்க டிராகனோட குகைக்கு வேற ஐடியாவே தேவைப்படாது.

எதிர்ப்பக்கமா திரும்பின செதிள், குருவிப் பசி, மழைக்கு முந்தின நேரம், கொழுப்பு மெழுகுவத்தி. இந்த நாலை மட்டும் கையில வச்சுக்கிட்டு ஆரம்பிங்க, கீழ மத்தவங்க கேட்டதுக்குச் சொல்றதெல்லாம் இந்த நாலுலேர்ந்துதான் வரப்போகுது.

மாயை காட்டினாலே என் பிளேயர்ஸுக்குக் கோவம் வருது. "அப்ப நாங்க பண்ணதெல்லாம் வேஸ்ட்டா"ன்னு கேக்கறாங்க. மாயை டிராகனை நியாயமா நடத்தறது எப்படி?
(வாசகி, கோவை)

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நிறைய எழுதப்போறேன், ஏன்னா இது என் மேசையிலயே நடந்திருக்கு. ஒரு துறைமுக ஊர்ல ஆறு வாரம் கேம் ஓட்டினேன், ஆறாவது வாரம் முடியற நேரத்துல "இந்த ஊரே இல்ல, நீங்க பார்த்தது எல்லாம் டிராகனோட மாயை"ன்னு சொன்னேன், எல்லாரும் வாயைப் பொளப்பாங்கன்னு நினைச்சேன். எதிர்ல உக்காந்திருந்த பொண்ணு தன் நோட்டுல அந்த ஊர்க் கடைக்காரங்க பேரெல்லாம் பென்சில்ல வரிசையா எழுதி வச்சிருந்தா, ரொட்டி விக்கிற அம்மா பேருக்குப் பக்கத்துல "திரும்ப வந்து கடனை அடைக்கணும்"னு குறிச்சிருந்தா. அந்தப் பக்கத்தை ஒரு நிமிஷம் பார்த்துட்டு நோட்டை மூடி பையில வச்சுட்டா, எதுவும் சொல்லல. நான் செஞ்சது தப்புன்னு அப்பவே புரிஞ்சுது, ஆனா என்ன தப்புன்னு புரிய ரொம்ப நாளாச்சு. கடல்ல வர்ற கானல் எப்படி உண்டாகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டப்பதான் விடை கிடைச்சுது.

நம்ம கானல் நீர் தெரியுமே, மத்தியானம் தார் ரோட்டுல தூரத்துல தண்ணி தேங்கின மாதிரி பளபளன்னு இருக்கும், அது ரோட்டை ஒட்டின காத்து சூடாகி, வானத்துலேர்ந்து வர்ற வெளிச்சம் வளைஞ்சு கீழேர்ந்து வர்ற மாதிரி நம்ம கண்ணுக்கு வர்றதுதான். ஷென் காட்டுறது இதுக்கு நேர் தலைகீழ். கீழ தண்ணியை ஒட்டி குளிர்ந்த காத்து, அதுக்கு மேல சூடான காத்து, அப்ப வெளிச்சம் கீழ்ப்பக்கமா வளையும், தூரத்துக் கரையில இருக்கற கட்டடமும் கப்பலும் மேல தூக்கி, இழுத்து நீட்டி, சிலது தலைகீழாவும் தெரியும். ஜப்பான்ல தொயாமா வளைகுடாவுல உவோசுன்னு ஒரு ஊர், மார்ச் கடைசிலேர்ந்து ஜூன் ஆரம்பம் வரைக்கும் இதைப் பார்க்கவே ஆளுங்க கடற்கரைக்கு வர்றாங்க.

இப்ப கவனிங்க. அந்தக் கானல்ல தெரியற எதுவும் பொய் இல்ல. எதிர்க்கரையில நெஜமா இருக்கற ஒண்ணுதான் இடம் மாறி உருவம் மாறித் தெரியுது. இதையே உங்க டிராகனுக்கு முதல் விதியா வச்சுடுங்க, அது இல்லாத ஒண்ணை உண்டாக்க முடியாது, எங்கயோ இருக்கற ஒண்ணைத்தான் கொண்டுவந்து காட்ட முடியும். இப்படி வச்சீங்கன்னா பிளேயர்ஸ் மாயைல பார்த்த ஒவ்வொண்ணும் ஒரு தகவல் ஆயிடுது, எதுவும் வேஸ்ட் இல்ல. அந்த ரொட்டிக்காரம்மா இருக்காங்க, இந்த ஊர்ல இல்ல, கடலுக்கு அந்தப் பக்கம் வேற ஊர்ல இருக்காங்க, கடனையும் அங்க போய் அடைக்கலாம். நான் அன்னிக்கு இதைச் சொல்லியிருந்தா அந்த நோட்டு மூடியிருக்காது.

ரெண்டாவது உயரம். கானல் பார்க்கறவங்க கண்ணு எந்த உயரத்துல இருக்குங்கறதைப் பொறுத்து மாறும், கரையில நின்னு பார்த்தா ஒண்ணு, மேட்டுல ஏறிப் பார்த்தா வேற. இதைவிட நல்ல துப்பு கேம்ல கிடைக்குமா சொல்லுங்க! உங்க குழுவுல மூணடி ஹாஃப்லிங் (குள்ள இனம்) ஒருத்தர், ஏழடி கோலியாத் (ராட்சச இனம்) ஒருத்தர் இருந்தா ரெண்டு பேருக்கும் தனித்தனி சீட்டுல அவங்க பார்க்கறதை எழுதிக் குடுங்க. ஒருத்தர் சீட்டுல "மதில் மேல 3 கோபுரம்", இன்னொருத்தர் சீட்டுல "கோபுரம் எதுவும் இல்ல, மதில் தண்ணிக்கு மேல தொங்குது". அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டாத்தான் விஷயம் வெளிய வரும். பகடையே உருட்ட வேண்டாம்.

மூணாவது காத்து. பலமா அடிச்சா அந்த சூடு-குளிர் அடுக்கு கலைஞ்சு காட்சியும் போயிடும். அதனால பலமா காத்து வீச வைக்கற கஸ்ட் ஆஃப் விண்ட் மந்திரம் வச்சிருக்கறவங்க இந்த டிராகன் முன்னாடி பெரிய ஆள், அது வெறும் ரெண்டாம் லெவல் மந்திரம், யாரும் பெருசா எடுக்காததுன்னாலயே அன்னிக்கு மேசையில ஒரு சந்தோஷம் இருக்கும்.

ரூல்ஸ் புத்தகத்துல இருக்கறதையும் விட்டுடாதீங்க. சாதா மாயைன்னா மேஜர் இமேஜ் மந்திரம், 20 அடி கனசதுரத்துக்குள்ள, நிலத்தையே மாத்திக் காட்டணும்னா ஹலூசினேட்டரி டெரெய்ன் 150 அடிக்கு, 24 மணி நேரம். கிழட்டு ஷென்னுக்கு மிராஜ் ஆர்கேன் குடுக்கலாம், 1 மைல் சதுரம், 10 நாள் நிக்கும், ஆனா அதைத் தொட்டாலும் நெஜம் மாதிரியே இருக்கும்ங்கறதால ரொம்ப யோசிச்சுக் குடுங்க. சந்தேகப்பட்டு இன்வெஸ்டிகேஷன் (துப்பறியற திறமைக்கான பகடை) உருட்டறவங்க உருட்டட்டும், ஆனா உருட்டாதவங்களுக்கும் கண்டுபிடிக்க வழி இருக்கணும், நான் மேல சொன்ன மூணும் அதுக்குத்தான்.

என் குழுவுல ஒரு ஃபிசிக்ஸ் ஸ்டூடண்ட். "கானல்னா ஒளி விலகல், டிராகன் எதுக்கு"ன்னு கேம் நடுவுலயே ஆரம்பிச்சுடறான். என்ன பண்றது?
(வாசகர், சேலம்)

அவனைத் தடுக்காதீங்க, அவனுக்கு ஒரு பாத்திரம் குடுங்க. பதினோராம் நூற்றாண்டுல ஷென் குவோன்னு ஒரு சீன அறிஞர் இருந்தார் (பேர்ல இருக்கற ஷென் வேற, டிராகன் இல்ல). சீனக் கரையோர ஊரான டெங்சோ கடல்ல அரண்மனை, மதில், மனுஷங்க, வண்டி, குதிரை எல்லாம் தெளிவாத் தெரியுது, ஊர்க்காரங்க இதைக் "கடல் சந்தை"ன்னு சொல்றாங்க, டிராகன் மூச்சுன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணலன்னு எழுதி வச்சுட்டுப் போயிருக்கார். அந்தக் காலத்துலயே சந்தேகப்பட்டிருக்கார் பாருங்க, எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதே மாதிரி ஒரு அறிஞரை ஊர்ல வையுங்க, இல்ல உங்க ஸ்டூடண்டையே அந்த அறிஞரா ஆடச் சொல்லுங்க. அவர் சொல்றது சரிதான், காட்சி காத்தாலதான் வருது. ஆனா அந்த ஒரு குடாவுல மட்டும் அந்தக் காத்தை அடுக்கி வைக்கறது யாருங்கறது மட்டும் அவருக்குத் தெரியாது. அவன் தெர்மாமீட்டர் கேப்பான், குடுங்க, படகுல போய் அளக்கட்டும், தண்ணிக்கு மேல குளிர் எந்த இடத்துல அதிகமோ அங்கதான் டிராகன் கீழ படுத்திருக்கு.

உருவம் மாறுற பகுதி எப்படி அக்கா? அஞ்சு செஷன் கூடவே வந்த ஆள்தான் டிராகன்னு கடைசில சொல்லணும், ஆனா ஏமாத்தினதா நினைக்கக் கூடாது.
(வாசகி, ஈரோடு)

பழைய சீனக் காலண்டர்ல வருஷத்தை அஞ்சஞ்சு நாளா 72 துண்டாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடையாளம் சொல்லியிருப்பாங்க, தவளை கத்தும், மீன் மேல வரும்ங்கற மாதிரி. நவம்பர் நடுவுல வர்ற ஒரு துண்டுக்கு என்ன அடையாளம் தெரியுமா, ஃபெசன்ட், அதாவது நீள வால் காட்டுக்கோழி, பெரிய தண்ணிக்குள்ள இறங்கி ஷென்னா மாறும்னு. எனக்கு உருவ மாற்றத்துக்கு இதைவிட அழகான வரி தெரியாது. குளிர் தொடங்குது, பறவை எல்லாம் காணாமப் போகுது, ஜனங்க அதுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சிருக்காங்க.

உங்க கேம்ல இதை விதியாக்குங்க: உருவம் மாறணும்னா தண்ணிக்குள்ள முழுசா முங்கி எழுந்திரிக்கணும். அப்ப மனுஷ உருவத்துல கூட வர்ற ஆள் ஆத்துல இறங்க மாட்டார், பாலம் இல்லாத இடத்துல சுத்திப் போகலாம்பார், மழை இருட்டிக்கிட்டு வந்தா முன்னாடியே கிளம்பிடுவார். இது மட்டும் போதாது, வேற வேற செஷன்ல வேற வேற இடத்துல மூணு துப்பாவது இருக்கணும்.

எனக்குப் பிடிச்ச துப்பு குருவிக்கூடு. அந்த ஆள் தங்கியிருக்கற ஊர்ல வீட்டு இறவாணத்துல எல்லாம் தகைவிலான் கட்டின மண்கூடு வரிசையா ஒட்டிக்கிட்டு இருக்கும், கிண்ணத்தைப் பாதியா வெட்டி செவுத்துல ஒட்டின மாதிரி, கூட்டோட வாய்ல காஞ்ச புல்லும் ஒரு சின்ன இறகும் நீட்டிக்கிட்டு இருக்கும், ஆனா சத்தமே இருக்காது. எந்தக் கூட்டுலயும் குருவி இல்ல. கீழ தரையில எச்சம் கூட பழசாக் காஞ்சு போயிருக்கும். இதைச் சும்மா ஊர் வர்ணனை மாதிரி சொல்லிட்டுப் போயிடுங்க. அடுத்த ஊருக்கு அவர் வந்து ரெண்டு வாரத்துல அங்கயும் கூடு காலியாகும்போது யாராவது ஒருத்தர் நிமிர்ந்து உக்காருவாங்க.

அடுத்தது உடுப்பு. அவர் போட்டிருக்கற அங்கில மீன் செதிள் மாதிரி தையல் வேலை, இடுப்புக் கச்சைக்கு மேல செதிள் கீழ்ப்பக்கமா பார்த்திருக்கும், கச்சைக்குக் கீழ எல்லாம் மேல்பக்கமா. தையக்காரர் தப்பு பண்ணிட்டாரான்னு ஒரு பிளேயர் கேட்டா "இல்லையே, எங்க வீட்டு வழக்கம்"னு அவர் சொல்லணும். அது பொய்யும் இல்ல பாருங்க. என் கருத்துல இந்த டிராகன் வாயால பொய்யே சொல்லக் கூடாது, அப்பதான் உண்மை தெரிஞ்சதும் உங்க பிளேயர்ஸ் பழைய பேச்சையெல்லாம் திருப்பி நினைச்சுப் பார்த்து "அட, அன்னிக்கே சொன்னாரே"ம்பாங்க.

எங்க குழு 5-ஆம் லெவல், 4 பேர். எந்த ஸ்டாட் (டிராகனோட பலத்தைச் சொல்ற எண்கள்) எடுக்கலாம்?
(வாசகர், திருநெல்வேலி)

2014 ரூல்ஸ்ல இருக்கற ப்ரான்ஸ் டிராகனை எடுங்க, அது கடலோரத்துல வாழறது, நீந்தும், தண்ணிக்குள்ள மூச்சு விடும். யங் ப்ரான்ஸ்னா ஏசி (அடி படாம தப்பிக்கற எண்) 18, ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 142, சேலஞ்ச் (எவ்ளோ கஷ்டம்ங்கற எண்) 8, உங்க 4 பேருக்குக் கஷ்டம்தான் ஆனா ஓடி ஒளிய இடம் குடுத்தீங்கன்னா தாங்குவாங்க. ரெண்டு விஷயம் மாத்தணும். அதோட மின்னல் மூச்சு 10டி10, அதாவது பத்துப் பக்கப் பகடை பத்து உருட்டிக் கூட்டறது, சராசரி 55, உங்க விசார்ட் (மந்திரவாதி) ஒரே அடில காலி, அதனால மின்னலை எடுத்துட்டு அந்த இடத்துல அடர்த்தியான பனிமூட்டம் வையுங்க. இன்னொரு மூச்சு இருக்கு, ஆளைத் தூக்கி 40 அடி தள்ளுறது, அதை அப்படியே விட்டுடுங்க, பனிமூட்டத்துக்குள்ள தள்ளிவிட்டா எங்க நிக்கறோம்னே தெரியாது, டேமேஜே இல்லாம பயம் வரும். உருவம் மாறுறது அடல்ட் (வளர்ந்த) ப்ரான்ஸுக்குத்தான் இருக்கு, அதை இந்தச் சின்னதுக்கும் இறக்கிக் குடுத்துடுங்க, நான் சொன்ன தண்ணி விதியோட. மனுஷன், மிருகம் எதுவா வேணா மாறலாம், செத்தா பழைய உருவம் வந்துடும்.

ஷென் லுங்னு பழைய மான்ஸ்டர் புத்தகத்துல ஒண்ணு இருக்கே, அதுதான் இதுவா?
(வாசகர், சென்னை)

இல்லங்க. 1981-ல ஃபீண்ட் ஃபோலியோங்கற மான்ஸ்டர் புத்தகத்துல வந்த கிழக்கத்திய டிராகன்கள்ல அது ஒண்ணு, அந்த ஷென்னுக்கு ஆவி, தெய்வம்னு அர்த்தம், சீனத்துல வேற எழுத்து. நமக்குக் காதுக்கு ஒரே மாதிரி கேக்குது, அவ்ளோதான்.

கடைசில அதைக் கொன்னுதான் ஆகணுமா அக்கா? எங்க பசங்களுக்கு இப்பவே அது மேல பாசம் வந்துடுச்சு.
(வாசகி, மதுரை)

கொல்ல வேண்டாம், ஆனா கொல்றதுக்கு ஒரு ஆசை காட்டணும், அப்பதான் விட்டுடறதுக்கு மதிப்பு. ட்ரூ சீயிங் மந்திரம் தெரியும்ல, மாயையும் உருவ மாற்றமும் எதுவா இருந்தாலும் அது போட்டவங்களுக்குத் தெரிஞ்சுடும், 2014 ரூல்ஸ்படி அந்த மந்திரத்துக்குக் கண்ல பூசிக்க ஒரு மை வேணும், 25 பொற்காசு, காளான் பொடி, குங்குமப்பூ, கொழுப்பு போட்டு செய்யறது. என்ன கொழுப்புன்னு ரூல்ஸ்ல சொல்லல. ஷென் கொழுப்புதான்னு நீங்க சொல்லிடுங்க! மாயை காட்டுற மெழுகுவத்தியும் மாயையைக் கலைக்கற மையும் ஒரே டிராகன் உடம்புலேர்ந்து வருது, அப்ப அந்த ஊர்ல இருக்கற ஒவ்வொரு மந்திரவாதியும் வியாபாரியும் அதைத் தேடிக்கிட்டுத்தான் இருப்பாங்க. டிராகன் ஏன் மனுஷ உருவத்துல ஒளிஞ்சு வாழுதுங்கறதுக்கும் பதில் கிடைச்சுடுச்சு. சீனாவோட பழைய சோ அரசுல ஷென் சிப்பி சேகரிக்கறதுக்குன்னே ஒரு அதிகாரி இருந்ததா அந்த அரசைப் பத்தின பழைய நிர்வாக நூல்ல இருக்கு, கல்லறைக் குழிக்குள்ள ஈரம் ஏறாம இருக்க அந்தக் கிளிஞ்சலைப் போடுவாங்களாம். உங்க ராஜாவோட தாத்தா கல்லறை எதால கட்டினதுன்னு பசங்க ஒரு நாள் கேக்கட்டும்.

விட்டுடறதுக்கு வழி என்னன்னா, கேக்கறது. 1085-ல சு ஷி-ங்கிற கவிஞர் டெங்சோவுக்கு அதிகாரியாப் போனார், அஞ்சே நாள்ல வேற உத்தரவு வந்து கிளம்பணும். கடல் சந்தையைப் பார்க்கணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை, ஊர்ப் பெரியவங்க "அது வசந்தத்துலயும் கோடையிலயும் வர்றதுங்க, இப்ப வராது"ன்னுட்டாங்க, குளிர்காலம். மனசு கேக்காம கடல் தெய்வத்தோட கோயிலுக்குப் போய் வேண்டிக்கிட்டார், அடுத்த நாள் தெரிஞ்சுது, அதைப் பாட்டாவும் எழுதினார்.

உங்க பசங்களும் அதையே செய்யட்டும். வாளைக் கீழ வச்சுட்டு, கரையில நின்னு, எங்களுக்கு இது வேணும்னு அந்த டிராகன்கிட்ட வாய்விட்டுக் கேக்கட்டும், எதைத் தேடி இவ்ளோ தூரம் வந்தாங்களோ அதை. அன்னிக்கு எதுவும் நடக்க வேண்டாம், செஷனை அங்கயே நிறுத்திடுங்க. அடுத்த வாரம் ஆரம்பிக்கும்போது விடியக்காலை, காத்து அடங்கியிருக்கு, மழை வர்ற வாசனை, கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி அசையாம கிடக்கு. தண்ணிக்கு மேல ஒரு கை உயரத்துல, அவங்க தேடின கப்பல் தலைகீழா நிக்குது, பாய்மரம் கீழ, அடிக்கட்டை மேல. எந்தத் திசைன்னு நீங்க சொல்ல வேண்டாம், ஹாஃப்லிங்கும் கோலியாத்தும் பேசிக் கண்டுபிடிப்பாங்க.